மாராவில் நிறுத்தச் சொன்னார்கள்

வேதநாயகிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. சொந்த வீடு என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆசையைப் பெங்களூருக்கு வந்த மூன்றாம் வருஷமே மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்னால் போய் நின்று, மைக்கில், ஒரு தடவையாவது வேதபாடம் வாசித்துவிட வேண்டும். அதுதான் ஆசை. குரல் இருந்தது, படிப்பும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் குடியாத்தத்தில் நான்கு வருஷம் டீச்சராக இருந்தவள். இல்லாதது நிலையான விலாசம் ஒன்றுதான்.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருந்த அந்தத் தமிழ்ச் சபையில், யார் என்றைக்கு வாசிப்பது என்ற பட்டியல் செக்ரெட்டரி கிளாரன்ஸ் கையில் இருந்தது. கிளாரன்ஸ் தங்கமான மனுஷர். ஆனால் தாத்தா காலத்து வீட்டிலேயே பிறந்து, அதே வீட்டிலேயே ரிட்டயரும் ஆனவர். வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "இன்னிக்கு இருப்பாங்க. நாளைக்கு ஓனர் காலி பண்ணச் சொன்னா வேற ஏரியா, வேற சர்ச். லிஸ்ட்ல பேரைப் போட்டுட்டு அப்புறம் நான் எங்கே போய்த் தேடுறது?" என்பார்.

ஏழு வருஷத்தில் வேதநாயகி ஒன்பது வீடு மாறியிருந்தாள். ஒரு ஓனருக்கு மகன் கல்யாணம். ஒரு ஓனருக்குக் கருவாட்டு வாசனை ஆகவில்லை. இன்னொருவருக்கு ஒரு காரணமும் இல்லை, பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்தது, அவ்வளவுதான். அவள் கணவன் அப்பாதுரை பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். சாமான் ஏற்றி ஏற்றிப் பழகி, எந்த பீரோவை எந்த வாசலில் எப்படிச் சாய்த்து நுழைக்கலாம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். எந்த வீட்டில் இருந்தாலும் இரண்டு பேரும் இதே சபைக்குத்தான் வந்தார்கள். அது மட்டும் கிளாரன்ஸ் கண்ணில் படவே இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆகஸ்டில் வேதநாயகிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அந்த மாதத்துப் பாட அட்டவணையில் ஒரு பொல்லாத அதிகாரம் வந்து விழுந்தது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேலர், நாற்பது வருஷம் பாலைவனத்தில் எங்கெங்கே கூடாரம் போட்டார்கள் என்று மோசே எழுதி வைத்த பட்டியல். கதை கிடையாது, உவமை கிடையாது. இங்கிருந்து புறப்பட்டு அங்கே பாளயமிறங்கினார்கள், அங்கிருந்து புறப்பட்டு இன்னோரிடத்தில் பாளயமிறங்கினார்கள் என்று நாற்பத்திரண்டு ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு பெயரும் பல்லை உடைக்கும்.

வழக்கமாக வாசிக்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போயிற்று. ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, ஒருவர் மைசூர் போக வேண்டியதாயிற்று. கிளாரன்ஸ் தானே வாசித்துப் பார்த்தார். அவருடைய மனைவி பெட்டி சிரித்த சிரிப்பில் புத்தகத்தை மூடிவிட்டார். ஊருக்கு இளைத்தவன் தலையில்தானே இப்படிப்பட்ட வேலை வந்து விடியும்? கிளாரன்ஸ் வேதநாயகியிடம் வந்து சேர்ந்தார்.

"இதைத் தப்பில்லாம, சொன்னபடி முடிச்சுக் குடுங்கம்மா. அப்புறம் உங்க பேரை லிஸ்ட்ல போடுறதைப் பத்தி யோசிக்கிறேன்."

மூன்று வாரம் வீட்டில் வேறு பேச்சில்லை. மாவு அரைக்கும்போது "ரிம்மோன்பேரேஸ்." துணி பிழியும்போது "கிப்ரோத் அத்தாவா." அப்பாதுரை சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து, "அடுத்த பாளயத்துல ரசம் ஊத்துவியா?" என்று கேட்பான். பெயர்கள் மனதில் நிற்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வோர் ஊரையும் தான் இருந்த வீட்டோடு சேர்த்துவிட்டாள். கசப்புத் தண்ணீர் ஊரான மாரா, போர்வெல்லில் உப்பு நீர் வந்த ஈஜிபுரா வீடு. பன்னிரண்டு நீரூற்றும் எழுபது பேரீச்ச மரமும் இருந்த ஏலிம், ஜோகுபாளையா வீடு. அங்கே இரண்டே தென்னைதான், ஆனால் நாள் முழுக்கத் தண்ணீர் வரும். மோசேயின் அண்ணன் ஆரோன் மலைமேல் இறந்துபோன இடத்துக்கு லிங்கராஜபுரம் வீடு. அந்த வீட்டில்தான் அவளுடைய அம்மா போனாள்.

வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால் ஒன்பதாவது வீட்டின் ஓனரம்மா வந்து, நல்ல மரியாதையாக, மாதக் கடைசியில் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாதுரை மறுநாளே ஹெப்பகோடியில் ஒரு வீடு பார்த்துவிட்டான். கம்பெனிக்குப் பக்கம். அல்சூருக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வேதநாயகி அன்றைக்கு அழுதாள். பீரோவுக்காக அழவில்லை. பட்டியலில் பெயர் ஏறுவதற்கு முன்னாலேயே அழிந்துவிடும் என்று அழுதாள். "இப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க. வாசிச்சு முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்" என்றாள்.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கால் மணி நேரம் முன்னால், கிளாரன்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, கமிட்டியில பேசினோம். நாப்பத்தொம்போது வசனமும் ஜனங்க தாங்க மாட்டாங்க. எட்டாம் வசனத்தோட நிறுத்திடுங்க. எட்டே எட்டு. சரியா?"

வேதநாயகி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

மைக்குக்கு முன்னால் நின்றபோது குரல் கணீரென்று வந்தது. ராமசேசை விட்டுப் புறப்பட்டாள். சுக்கோத், ஏத்தாம், மிக்தோல். சமுத்திரத்தை நடுவாகக் கடந்தாள். மூன்று நாள் வனாந்தரத்தில் நடந்து, மாராவிலே பாளயமிறங்கினாள். எட்டாம் வசனம் முடிந்தது. முதல் வரிசையில் கிளாரன்ஸ் திருப்தியாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

வேதநாயகி நிமிர்ந்து பார்த்தாள். முன்னூறு பேர். பாதிப் பேர் அவளைப் போல லாரியில் சாமான் ஏற்றியவர்கள்தான். இத்தனை பேரையும் கசப்புத் தண்ணீர்க் கரையில் உட்கார வைத்துவிட்டு, பாடம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவதா? அடுத்த வசனத்திலேயே ஏலிம் இருக்கிறதே. நிறுத்தினால் பட்டியலில் பெயர். நிறுத்தாவிட்டால் அதுவும் போச்சு. ஒரு மூச்சு இழுத்தாள். ஒன்பதாம் வசனத்தை வாசித்தாள்.

ஏலிமில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அங்கிருந்தும் அவர்கள் புறப்பட்டுவிட்டார்களே, நடுவழியில் யாரை விடுவது? ஆலூஸ் போனாள். குடிக்கத் தண்ணீரே இல்லாத ரெவிதீம் வந்தபோது பெண்கள் பக்கத்தில் சிரிப்பொலி எழுந்தது. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு ரெவிதீமைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. சீனாய் தாண்டியதும் நான்காவது வரிசையில் முறுமுறுப்பு ஆரம்பித்தது. பாலைவனம் என்றால் முறுமுறுப்பு இல்லாமலா? கிளாரன்ஸ் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஒரு விரலைத் தூக்கினார், இரண்டு கையையும் தூக்கினார். வேதநாயகி தாராகு, மித்கா, அஸ்மோனா என்று போய்க்கொண்டே இருந்தாள்.

ஓர் என்னும் மலை வந்தது. ஆரோன் ஏறினான், அங்கே மரித்தான். மூன்று வாரமாகத் தடையில்லாமல் வந்த இடம். இப்போது லிங்கராஜபுரத்து அறையும், அம்மாவின் கட்டிலும் கண்முன்னால் வந்து நின்றன. சல்மோனாவிலே என்று சொன்னாள். அதோடு நின்றுவிட்டாள். மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது.

"பாளயமிறங்கினார்கள்!" என்று பாடகர் குழுவிலிருந்து ஒரு கனத்த குரல் எழுந்தது. பெட்டிதான். கணவர் திரும்பி முறைத்ததை அந்த அம்மாள் சட்டை செய்யவில்லை.

வேதநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூனோனிலே என்றாள். பாடகர் குழு மொத்தமும் பாளயமிறங்கியது. ஓபோத்திலே என்றாள். நான்காவது வரிசைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அல்மோன்திப்லத்தாயீமை அவள் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லி முடித்தபோது யாரோ கையே தட்டிவிட்டார்கள். யோர்தானுக்குப் பக்கத்துச் சமவெளியில் சபை முழுவதும் ஒரே குரலில் பாளயமிறங்கியது. அப்பாதுரையின் குரல் மட்டும் கொஞ்சம் பிந்தி, தனியாகக் கேட்டது.

பாஸ்டர் ஐயா பிரசங்கக் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"எனக்கு நேரம் இல்லை. ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். அந்த நாப்பது வருஷமும் கடவுளுக்கும் சொந்த வீடு கிடையாது. கூடாரம்தான். ஜனங்க எழுந்தா அவரும் எழுந்தாரு. இறங்கின இடத்துல அவரும் இறங்கினாரு. ஒரு இடம் விடாம ஏன் எழுதச் சொன்னாருன்னு நினைக்கிறீங்க? அதெல்லாம் அவரோட விலாசம். தான் இருந்த வீட்டை யாராச்சும் மறப்பாங்களா? ஆமென்."

ஆராதனை முடிந்ததும் வேதநாயகி படியோரமாக நழுவப் பார்த்தாள். கிளாரன்ஸ் பட்டியல் நோட்டோடு வழி மறித்தார். பின்னாலேயே பெட்டி.

"நான் எட்டுன்னுதானே சொன்னேன்?"

"ஆமாங்க ஐயா."

"அப்புறம்?"

"எட்டாவதுல தண்ணி கசப்பா இருந்துச்சுங்க ஐயா. அங்கேயே எல்லாரையும் விட்டுட்டு வர மனசு வரலை."

கிளாரன்ஸ் பேனாவைத் திறந்தார். "விலாசம் சொல்லுங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் ஏழு வருஷம் காத்திருந்தாள். பழைய விலாசத்தைச் சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு வாய் வரவில்லை.

"இந்த மாசக் கடைசியில ஹெப்பகோடி போறோம் ஐயா. காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

பேனா நின்றது. பெட்டி கணவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிளாரன்ஸ் தொண்டையைச் செருமினார்.

"அங்கேருந்து ஞாயித்துக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சேமுக்காலுக்குங்க" என்றான் அப்பாதுரை. எப்போது விசாரித்தானோ!

"அப்ப எட்டு மணிக்கு வந்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே கிளாரன்ஸ் எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் ஆதாமிலருந்து ஆரம்பிச்சு ஒரு வம்ச வரலாறு வருது. வெறும் பேருங்கதான். ஒருத்தரும் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க."

வேதநாயகிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"முழுசாவா ஐயா?"

கிளாரன்ஸ் கையெடுத்துக் கும்பிட்டார். "அதை நான் சொல்லி என்னம்மா ஆகப்போகுது?"