பிரிக்க மறந்த தொட்டி

கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றேன். உள்ளே போக வேண்டிய தண்ணீர், போகலாமா வேண்டாமா என்று யோசித்து, களக் களக் என்று குமிழி விட்டு, மெல்ல மேலே ஏறி வந்தது. அதே நேரம் நடுச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் கணவரின் அண்ணன் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. திட்டு வாங்கியது அவர் வீட்டுக் கழிப்பறை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு வீடும் என் மாமனார் ஒட்டிக் கட்டியவை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று சில வருடங்கள் ஆகின்றன. காரணம் கேட்டால் இவர் ஒன்று சொல்வார், அவர் வேறொன்று சொல்வார். கேட்பவர்கள் அது இரண்டு தனிச் சண்டை என்றே நினைப்பார்கள். தண்ணீர்க் குழாயைப் பிரித்தார்கள், மின்சார மீட்டரைப் பிரித்தார்கள், கொல்லையில் டேப் பிடித்து மயிரிழை பிசகாமல் நடுவே சுவர் எழுப்பினார்கள். செப்டிக் டேங்க்கைப் பிரிக்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. வீறாப்பில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் ஞாபகம் வருமா? மண்ணுக்கடியில் நாங்கள் கூட்டுக் குடும்பமாகவே இருந்தோம்.

சுவரால் நஷ்டப்பட்டவள் நான்தான். அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காய் நறுக்கிக்கொண்டே நாங்கள் இருவரும் ஊர்க்கதை பேசிய மதியங்கள் அந்தச் சுவரோடு போயின. மாடியில் துணி காயப்போடும்போது அவள் ஒரு பார்வை பார்ப்பாள், நான் ஒரு பார்வை பார்ப்பேன். அவ்வளவுதான். எனக்கு அழுகையாக வரும்.

தொட்டியைக் காலி செய்யக் கூப்பிட்ட கழிவு லாரிக்காரர் வந்ததும் மூடி எங்கே என்று கேட்டார். இவர் இந்தப் பக்கம் தட்டித் தட்டிப் பார்த்தார், அண்ணன் அந்தப் பக்கம் தட்டினார். மாமனார் நியாயஸ்தர், தொட்டியை இரண்டு வீட்டுக்கும் சரி நடுவில் வைத்திருந்தார். பிள்ளைகளும் நியாயஸ்தர்கள், சுவரையும் சரி நடுவில் எழுப்பியிருந்தார்கள். மூடி சுவருக்கு நேர் கீழே இருந்தது. லாரிக்காரர் சிரிப்பை அடக்க இருமினார்.

ஆளுக்கொரு புதுத் தொட்டி கட்டிக்கொண்டால் போகிறது என்றார் என் கணவர். எனக்குப் பகீரென்றது. ஒட்டிக்கொண்டிருந்த கடைசி ஒன்றும் போய்விடுமே. ஒரு மலத்தொட்டிக்காக இந்த உலகத்தில் வேறு எவளாவது இப்படி உருகியிருப்பாளா, தெரியாது. அப்போது சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருந்தாள்.

"புதுத் தொட்டி கட்டி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் அடக்கிக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

அண்ணனும் தம்பியும் சுவரை இடிக்கக் கிளம்பினார்கள். பக்கத்துக்கு ஒருவராகக் கடப்பாரையை எடுத்தார்கள்.

லாரிக்காரர் மூடியைத் திறந்துவிட்டு எங்களை எட்டி நிற்கச் சொன்னார். விஷவாயு இருக்கும், உள்ளே யாரும் இறங்கக் கூடாது, குழாய்தான் இறங்கும் என்றார். அடியில் சகதி கனமாகப் படிந்திருந்தது, மேலே ஏடு கட்டியிருந்தது. நடுவில் தெளிகிற தண்ணீர் அடுத்த அறைக்குப் போய், உறிஞ்சு குழி வழியாக மண்ணில் இறங்க வேண்டும். சகதி ஏறிப் போய் வழியை அடைத்துவிட்டது. சில வருடங்களுக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும் என்று இரண்டு வீட்டுக்கும் பொதுவாகச் சொன்னார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. நாங்கள் நால்வரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையாக நின்றோம்.

அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார். "இதுல உன் பங்குதான் ஜாஸ்தி."

"நீ திங்கிற தீனிக்கு என்னைச் சொல்றியாண்ணே?"

முதலில் அண்ணனின் தொப்பைதான் குலுங்கியது. பிறகு இவருக்கும் தாங்கவில்லை. சிரிப்பில் மூக்கிலிருந்து கை நழுவ, நாற்றத்தில் திணறி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அங்கே எல்லோர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அந்த வாரமே, இடித்த சுவரைத் திரும்ப எழுப்பக் கொத்தனார் வந்தார். இனி மூடியின் மேல் கட்ட முடியாது, அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டுங்கள் என்றார் இவர். எவ்வளவு அகலம் விடட்டும் என்று கொத்தனார் கேட்டதற்கு, மூடி அளவுக்கு ரெண்டடி போதும் என்றார். அண்ணன் ஒரு முறை தன் தொப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ரெண்டடி எப்படிடா பத்தும்? நான் வந்து போக வேணாமா?"

கொத்தனார் அளவுக்குக் கட்டியிருந்த நூலை அவிழ்த்து, இன்னும் தள்ளிக் கட்டினார். அதற்குள் அக்கா மூடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அடுப்பில் என்ன தீயுது என்று என்னைக் கேட்டுக்கொண்டே என் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.