முகம் தெரியும்

பூங்காவின் வடக்கு வாயிலில் ஒரு கூண்டு இருந்தது. உட்கார்ந்தால் முழங்கால் எதிர்ச்சுவரில் இடிக்கும், எழுந்தால் தலை விளக்கில் இடிக்கும். சீட்டுக்காரன் அதற்குள் பதினோரு வருடமாக இடிபடாமல் இருக்கப் பழகியிருந்தான். கையெட்டும் தூரத்தில் ஆணியில் இரண்டு சீட்டுக்கட்டுகள் தொங்கும். பச்சை ஊர்க்காரர்களின் வண்டிக்கு, மஞ்சள் வெளியாட்களின் வண்டிக்கு. மஞ்சளுக்குப் பச்சையைப் போல நாலு மடங்கு கட்டணம். மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஊர்க்காரர்களின் வரிப்பணம், சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நகரசபை சொன்னது. அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

யார் ஊர்க்காரர் என்பதைப் பட்டியல் சொல்லும். திங்கட்கிழமை காலையில் மேற்பார்வையாளர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பார். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர். வண்டி வந்து நின்றதும் சீட்டுக்காரன் எண்ணைப் பார்ப்பான், பட்டியலில் விரலை ஓட்டுவான், சீட்டைக் கிழிப்பான். பட்டியலில் விட்டுப்போன ஊர்க்காரர் வந்துவிட்டால் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. பச்சையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடிக்கட்டையில் வண்டி எண்ணையும் பக்கத்தில் 'முகம் தெரியும்' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தெற்கு வாயிலில் இயந்திரம் வைத்துவிட்டார்கள். அதற்கு யார் முகமும் தெரியாது. அந்த இரண்டு வார்த்தை இருக்கும்வரை தன் வேலை போகாது என்று அவன் நம்பினான். கொஞ்சம் கர்வமும் உண்டு.

மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை, ஒன்பது பக்கமாக வரும் பட்டியல் எட்டுப் பக்கமாக வந்தது.

"என்ன சார், ஒரு பக்கம் குறையுது. வழியில காத்துல பறந்துடுச்சா?"

கண்ணாடி துடைத்தார். "சின்ன எழுத்துல அடிச்சிருப்பாங்க."

எழுத்து பழைய எழுத்துத்தான்.

அன்று முதலில் மாட்டியவர் ரொட்டிக் கடைக்காரர். அவருடைய வேன் எண் பட்டியலில் இல்லை. வேறு நாளாக இருந்தால் 'முகம் தெரியும்' என்று எழுதியிருப்பான். ஆனால் போன வாரம்தான் அவர் நாலு பேர் எதிரில் அவனைக் கூண்டுப்புலி என்று கூப்பிட்டுச் சிரித்திருந்தார். சீட்டுக்காரன் முகத்தை இறுக்கிக்கொண்டு மஞ்சளைக் கிழித்தான்.

"என்னய்யா இது? இருபது வருஷமா உன் ஊருக்கே நான்தான் ரொட்டி போடுறேன். நான் வெளியாளா?"

"பட்டியல்ல இல்லண்ணே. கூண்டுப்புலிக்கு அவ்வளவுதான் தெரியும்."

ரொட்டிக் கடைக்காரர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதை அப்படியே கொண்டுபோய் நகரசபையில அவனுங்க மூஞ்சியில வீசுறேன் பாரு" என்று வேனைத் திருப்பிக்கொண்டு போனார். அடுத்த திங்கட்கிழமை பட்டியலின் கடைசியில் அவர் எண் மட்டும் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. கத்தத் தெரிந்தவருக்கு எல்லாம் நடக்கிறது என்று சீட்டுக்காரன் நினைத்துக்கொண்டான்.

பல் டாக்டரம்மாவுக்குக் கத்தத் தெரியாது. அவர் எண்ணும் அதே வாரம் விடுபட்டிருந்தது. வலியில் துடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து அவன் பல்லை அடைத்துவிட்டவர் அவர். அவருக்கு மஞ்சளை நீட்ட அவனுக்குக் கை வருமா? ஐந்து வாரம் தினமும் பச்சை கொடுத்தான், ஐந்து வாரம் தினமும் 'முகம் தெரியும்' என்று எழுதினான். எண் விடுபட்ட கதையை அவரிடம் சொல்லவில்லை. நல்ல மனிதர்களை அற்ப விஷயத்துக்கு எதற்கு அலைக்கழிப்பது?

ஆறாவது வாரம் அவர் வரவில்லை. மாலையில் சைக்கிளில் திரும்பும்போது ஏரிக்கரைத் தெருவில் அவர் வீட்டு வாசலில் லாரி நின்றது. நோயாளிகள் சாயும் நாற்காலி லாரியில் கால்கள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. கதவின் குறுக்கே நகரசபை முத்திரை குத்திய வெள்ளைக் காகிதம்.

"என்ன டாக்டரம்மா இது?"

"எனக்கும் தெரியலப்பா. ஊர்க்காரங்க பட்டியல்ல நான் இல்லையாம். இல்லாதவங்க வீட்டைப் பூங்காவோட சேர்த்துக்கறாங்களாம். ஆட்சேபிக்க நாள் முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. எந்த நாள், எப்ப ஆரம்பிச்சுது, ஒண்ணும் புரியல." அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்போல ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "உன் பல்லு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றான். அப்போதுதான் ஏரிக்கு அந்தப் பக்கம் புல்லில் வரிசையாக நட்டிருந்த மரக்குச்சிகளைப் பார்த்தான். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்பு நாடா. காற்றில்லாத மாலை. நாடாக்கள் அசையாமல் தொங்கின.

அந்தக் குச்சிகளின் வரிசை போய்ச் சேரும் திசையில்தான் அக்காவின் வீடு இருந்தது.

அக்கா தையல்காரி. கணவர் விட்டுப்போன வீட்டின் முன்னறையில் இரண்டு மிஷின், பின்னறையில் அவள், மாடியறையில் தம்பி. மூட்டுவலிக்குச் சமதரையில் நடக்கச் சொல்லியிருந்ததால் தினமும் காலையில் பழைய நீலக் காரை ஓட்டிக்கொண்டு பூங்காவுக்கு வருவாள். "நடக்கிறதுக்குக் கார்ல வர்ற ஒரே ஆளு நீதான்கா" என்று அவன் சொல்வான். "டிக்கெட் கிழிக்கிறதுக்கு சம்பளம் வாங்குற ஒரே தம்பி நீதான்டா" என்பாள் அவள். பச்சைச் சீட்டின் பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் வாடிக்கைக்காரர்களின் அளவுகளைக் குறித்து, பொத்தான் டப்பாவில் போட்டுவைப்பாள். ஊரில் பாதிப் பேருடைய தோளும் இடுப்பும் அந்தச் சீட்டுகளின் முதுகில் இருந்தன.

டாக்டரம்மா போன அடுத்த திங்கட்கிழமை பட்டியல் ஏழு பக்கம். நீலக் காரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் அவன் விரல் நின்றது. மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை ஓட்டினான்.

"சார், எங்க அக்கா நம்பரைக் காணோம்."

"அப்படியா."

"முப்பத்திரண்டு வருஷமா அதே வீடு சார். நான் மாடியில இருக்கேன்."

கண்ணாடி துடைத்தார். கண்ணாடியில்லாத அவர் கண்கள் சின்னதாக, தூக்கத்திலிருந்து எழுந்தவை போல இருந்தன. "பட்டியல் மேலேருந்து வருது தம்பி. பூங்காவுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெச்சுக்க அங்க ஆளு இல்ல. எல்லாம் ஒரே பட்டியல்தான். இல்லாதவங்களுக்கு மஞ்சளைக் கொடு. விதிப்படி நடந்துட்டா யாருக்கும் கெடுதல் இல்ல."

"எங்க அக்காவுக்கா?"

"யாரா இருந்தாலும்." இன்னொரு வார்த்தை சொல்ல வந்தவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு ஸ்கூட்டரை உதைத்தார்.

சீட்டுக்காரனுக்கு அந்த ஆளின் மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது. சொந்த அக்காவிடம் நீ வெளியாள் என்று சொல்லச் சொல்கிறான்.

பத்து நிமிடத்தில் நீலக் கார் வந்தது. அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள். "என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் பத்தல."

பச்சையைக் கிழித்துக் கொடுத்தான். கார் உள்ளே போனதும் அடிக்கட்டையில் 'முகம் தெரியும்' என்று எழுதினான். எழுத்து கோணலாக வந்தது. அடித்து மறுபடி எழுதினான்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் எழுதினான். அவன் மனதில் ஒரு எண்ணம் வேர்விட்டது. தான் எழுதும் அந்த இரண்டு வார்த்தைதான் அக்காவின் வீட்டுச் சுவருக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது, ஒரு நாள் விட்டாலும் சரிந்துவிடும். காய்ச்சலோடும் வேலைக்குப் போனான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. ரத்த அழுத்தக்காரி, சொன்னால் தாங்க மாட்டாள், கண்ணாடியிடம் மறுபடி கெஞ்சலாம், அடுத்த பட்டியலில் தானாகவே வந்துவிடும் என்று நாளைக் கடத்தினான். அடுத்த பட்டியலில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சிவப்பு நாடாக்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தன. ஒரு நாள் தெருமுனை விளக்குக்கம்பத்தில் ஒன்று. ஒரு நாள் எதிர்வீட்டு வேலியில் ஒன்று. ஒருமுறை இரண்டு பேர் நாடாவைப் பிடித்துத் தெருவை அளந்துகொண்டு போனார்கள்.

"ஊருக்கெல்லாம் நான் அளவெடுக்கிறேன், எனக்கு அளவெடுக்க அவங்க வந்திருக்காங்க" என்று அக்கா சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

முப்பத்தேழாம் நாள் மதியம் அக்கா வீட்டுக் கதவில் வெள்ளைக் காகிதம் ஒட்டப்பட்டது. வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் கெடு.

மறுநாள் காலையில் அக்கா பூங்காவுக்கு வரவில்லை. பொத்தான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நகரசபைக்குப் போனாள். தினமும் ஊர்க்காரர் சீட்டு வாங்கியதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்பது அவள் கணக்கு. சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது அவள் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியில் நூல் இல்லை. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது.

"போனேன்" என்றாள். "மஞ்சள் சீட்டு எங்கன்னு கேட்டாங்க."

"மஞ்சளா?" என்றான்.

"நான் ஊர்க்காரிங்க, எனக்கு எதுக்கு மஞ்சள்னேன். ஜன்னல்ல இருந்த பொண்ணு நீ அங்க ஒப்படைச்ச சீட்டுக்கட்டை எடுத்துட்டு வந்துச்சு. நாங்க இதைத்தான் பார்ப்போம்னு சொல்லுச்சு. முப்பத்தேழு அடிக்கட்டை. எல்லாத்துலயும் உன் எழுத்து."

"அக்கா..."

"பட்டியல்ல இல்லைன்னு தெரிஞ்சவங்க மஞ்சளை வாங்கி, அதைக் கொண்டுவந்து கொடுத்து ஆட்சேபிக்கணுமாம். மொத நாள்லேருந்து முப்பது நாள். பச்சை வாங்கிட்டுப் போனா, வண்டி விஷயத்துல மட்டும் தயவு காட்டினதா அர்த்தமாம். பட்டியலை ஒத்துக்கிட்ட மாதிரியாம்." மிஷின் நின்றது. "ரொட்டிக் கடைக்காரன் மஞ்சளைக் கொண்டுபோய்த்தான் வீட்டைக் காப்பாத்திக்கிட்டானாம். அவனுக்குக் கொடுத்திருக்கே."

"அவரு மேல எனக்குக் கோபம்கா. அதனாலதான் கொடுத்தேன்."

அக்கா மிஷினை மூடினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என் மேலயும் ஒருநாள் கோபப்பட்டிருக்கலாம்டா."

அவன் மாடிக்குப் போனான். சட்டைப்பையில் கிழிக்காத மஞ்சள் கட்டு ஒன்று இருந்தது. பதினோரு வருடமாகத் தினமும் கையில் புரண்ட சீட்டு. முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல நாலு வரி. முப்பது நாள் என்று தெளிவாகவே இருந்தது. வெளியாட்களுக்கு எழுதியது, நமக்கென்ன என்று அவன் ஒருநாளும் படித்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் நீலக் கார் வந்தது. பின்னிருக்கையில் ஒரு மிஷின், அதன்மேல் பொத்தான் டப்பா, கூரையில் கயிறு கட்டிய மெத்தை. ஊரை விட்டுப் போகும் சாலை பூங்காவுக்குள்ளே போகவில்லை. இருந்தும் அவள் வாயிலில் வந்து நிறுத்திக் கையை நீட்டினாள்.

"கடைசியா ஒரு தடவை நடந்துட்டுப் போறேன். இன்னைக்காவது சரியான சீட்டைக் கொடு."

அவன் மஞ்சளைக் கிழித்துக் கொடுத்தான். அவள் நாலு மடங்கைச் சில்லறையாக எண்ணி வைத்தாள். சீட்டைத் திருப்பி, கண்ணுக்கு அருகில் பிடித்து, நாலு வரியையும் நிதானமாகப் படித்தாள். "எழுத்து ரொம்பப் பொடி" என்றாள். "நூல் கோக்கிற கண்ணுக்கே தெரியல." காரை உள்ளே விட்டாள்.

பின்னால் வந்து நின்றது வாத்தியாரின் கார். எதிர்வீட்டுக்காரர், நாடா கட்டிய வேலி அவருடையதுதான். சின்ன வயதில் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பட்டியல் இப்போது ஆறு பக்கம். விரலை ஓட்டினான். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை. வாத்தியார் பச்சைக்காகச் சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவன் மஞ்சளைக் கிழித்தான். பின்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

வாத்தியாரின் சிரிப்பு போய்விட்டது. "என்னடா இது? என்னைத் தெரியலையா உனக்கு?"

சீட்டுக்காரன் அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

"தெரியல" என்றான்.