முடியாதுங்க

முடியாதுங்க என்று வாய் சொல்லிவிட்டது, அதுவும் கேள்வி முடிவதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த கம்பெனிக்கார அம்மா மாடி ஏற முடியுமா என்றுதான் கேட்டார், கவிப்பிரியாவும் வேலை வேண்டும் என்றுதான் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி இந்தக் கல்யாண மண்டபத்துக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு முகாமுக்கு வந்திருக்கிறாள், பிறகு எதற்கு இந்த வாய்... காலையில்கூடத் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினாளே, வலது கை சுவரில், வாளி விரல் மடங்காத இடது கையின் முழங்கையில், பதினாலு படி, மூச்சு வாங்கியதே தவிர ஏறினாள்தானே. அந்த அம்மா பேப்பரில் எதையோ குறித்துக்கொண்டார். கம்ப்யூட்டர் முன்னால் தொடர்ந்து நாலு மணி நேரம் உட்கார முடியுமா? முடியாதுங்க. மறுபடியும் பார். தன் மேலேயே கோபம் வர வேண்டிய இடம் இது, வரவில்லை, உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது, மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து வயதில் இப்படித்தான் ஒரு மேஜை, எதிரே ஒரு டாக்டர், உதவித்தொகைக்காக ஊனம் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற முகாம். அம்மா குள்ளம்மாள் தக்காளி மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள், பஸ்ஸில் வழி முழுக்க ஒரே பாடம், டாக்டரு என்ன கேட்டாலும் முடியாதுங்கன்னு சொல்லு கண்ணு, சிரிக்காத, நேரா நிக்காத. இவளோ, நட பாப்பா என்று அவர் சொன்னதும் பிடிமானம் இல்லாமல் நாலு அடி நடந்து காட்டினாள், போன வாரம்தான் பள்ளிக்கூடத்தில் பழகியிருந்தாள், கைதட்டுவார்கள் என்று நினைத்தாள், அறிவு கெட்ட கழுதை... சதவீதம் குறைந்துபோனது, உதவித்தொகை கிடைக்கவில்லை. அம்மா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, ஊர் வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள், அடித்திருந்தால் அன்றோடு மறந்துபோயிருக்கும். இரண்டு வருஷம் மனு மேல் மனு. அடுத்த முகாமில் கவிப்பிரியா தேறிவிட்டாள், காலைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாள், தோளைத் தொங்கப்போட்டாள், எல்லாவற்றுக்கும் முடியாதுங்க. பொய்யா அது? கால் சரியில்லாதது நிஜம்தானே, பாதி நிஜத்தைப் பொய் என்று எப்படிச் சொல்வது... வேலைக்குப் போனால் அந்தப் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்கிறாள் அம்மா, அதெல்லாம் இல்லை என்கிறார்கள் சிலர், நிறுத்திவிட்டு, வேலையும் போய்விட்டால்? மறுபடி அந்த மேஜை முன்னால் போய் நிற்க வேண்டுமா? அதை நினைத்தால் மட்டும் கொஞ்சம் பயமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்திருந்த மாதவராஜ், முகாம் நடத்தும் தொண்டு நிறுவனத்துக்காரர், காலையிலிருந்து அவள் கூடவே இருப்பவர், பேப்பரை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மா, வேன் வூட்டுக்கிட்டயே வரும், மொத மூணு மாசம் ஒரு ஆளு கூட இருந்து சொல்லித் தருவாங்க, நாற்காலி வேணும்னா மாத்திக் கேக்கலாம். முடியாததெல்லாம் சர்டிபிகேட்லயே இருக்குது. உனக்கு முடியறதச் சொன்னாத்தான நான் எதையாச்சும் கேக்க முடியும்?" முடிவதையா... இருபத்தாறு வயதுவரை அதை யார் கேட்டார்கள்? ஒற்றைக் கையால் தங்கச்சிக்குச் சடை பின்னிவிடுவாள், கயிற்றை ஒரு பக்கம் பல்லில் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவாள், அதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது, நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததுண்டா, யார் மணி பார்த்தார்கள்...

"தெரியலீங்க" என்றாள். பிறகு, தான் சொல்கிறோம் என்றே தோன்றாமல், "இந்த மாடிய ஏறிப் பாக்கட்டுங்களா?"

கம்பெனிக்கார அம்மா பேனாவைக் கீழே வைக்கவில்லை. "பாருங்க, அவசரமில்ல."

மாடியில் இருக்கிற சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற படி, வழவழவென்ற சிமெண்டுப் படி, சுவரில் போன கல்யாணத்தின் சந்தனக் கை அச்சு. வாசல் பக்கம் அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், சர்டிபிகேட் அதற்குள்தான் இருக்கிறது, மகள் படியில் கால் வைத்ததும் பாதி எழுந்து அப்படியே நின்றாள். முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவதில்தான் கவிப்பிரியா கவனித்தாள், கால் இழுத்தது, அன்றைக்கு டாக்டர் முன்னால் இழுத்துக் காட்டியது போலவே, தோளும் தானாகத் தொங்கிவிட்டிருந்தது, பின்னால் பேப்பரும் பேனாவுமாக ஆள் இருப்பதாலா, அம்மா பார்ப்பதாலா, நிறுத்து, இங்கே அது வேண்டாம், இங்கே வேலைதான் வேண்டும்... நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. இழுக்காமல் விட்டால் இந்தக் கால் எப்படித்தான் நடக்கும்? யாரும் பார்க்காத அந்த மொட்டை மாடிப் படியில் அது தன்பாட்டுக்கு நடந்துதான் இருக்கும், தினமும், பதினாலு படியும்... அங்கே அவளும் குனிந்து பார்த்ததில்லை.