நேத்துகூட ஓட்டினேன்

பல்செட்காரர் தன் வாழ்நாளில் கையில் பிடித்த கருவிகளிலேயே பெரியது ஒரு பேனா அளவுக்குத்தான் இருக்கும். வாய்க்குள் போகிற சாமான் செய்கிறவருக்கு அதற்கு மேல் எதற்கு? பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். இவர் தன் சின்ன அறையில் விளக்கைக் கிட்டத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல்வரிசை கட்டிக் கொடுப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. தலைமுடி கனம் கூடினால்கூடப் போட்டுக்கொள்கிறவருக்குக் குத்தும் என்பதால் கையில் அப்படி ஒரு நிதானம். அந்த நிதானம் கையோடு நின்றுவிட்டது, நாக்குவரை வரவில்லை என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

வண்டி வந்த கதையே அப்படித்தான். ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவருக்கு மேலும் கீழுமாக முழுசெட் செய்திருந்தார். பெரியவருக்கு முழங்கால் வலி, கிளினிக் படி ஏற முடியாது என்பதால் டாக்டர் இவரையே வீட்டுக்கு அனுப்பினார். பெரியவர் புதுப்பல்லை மாட்டிக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். அது மொறுக்கென்று நொறுங்கியது. அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் பல்செட்காரருக்குக் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. அதே மிதப்பில் கை கழுவப் பின்பக்கம் போனபோதுதான், ஒரு தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வட்டமான இரண்டு விளக்குகள் தன்னைப் பார்ப்பதைக் கண்டார். பழைய காலத்துப் பிக்கப் வண்டி. உருண்டையான முன்புறம், பின்னால் மரப்பலகை போட்ட திறந்த தொட்டி, ஊரில் உள்ள துரு முழுக்க அதன் மேல்.

"ரொம்ப அழகா இருக்குங்க ஐயா" என்றார். மரியாதைக்குச் சொன்னதுதான்.

"வேணுமா?" என்றார் பெரியவர், அடுத்த பிஸ்கட்டை எடுத்தபடி.

"ஓடுமா?"

"ஓடும்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்த ஒரு நொடியில் பல்செட்காரரின் மனசுக்குள் ஓர் ஆள் வந்து நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, பிக்கப் ஓட்டிப் போகிற ஆள். அவனுக்குத் தொப்பை இல்லை. தலையில் முடி இருந்தது. அவனுக்காகத்தான் இவர் வண்டியை வாங்கினார்.

'ஓடும்' வண்டியை இன்னொரு வண்டி கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டது. ஷெட்டுக்குள் தள்ளிப் பார்த்தார்கள். முக்கால்வாசி போயிற்று, பின்புறம் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது.

அவருடைய மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். சாட்சி சொல்வதில் ஒரு வார்த்தை பிசகாமல் எழுதிப் பழகியவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் வீட்டில் நோட்டு தேவைப்படாது.

"எவ்வளவு நாளாகும் சரி பண்ண?" என்று கேட்டார்.

"மிஞ்சிப்போனா ஆறு மாசம். ஒரு பல்லு மாதிரிதாம்மா. பெரிய பல்லு, அவ்வளவுதான்."

மனைவி தலையை ஆட்டிக்கொண்டார். பதிவாகிவிட்டது என்று அர்த்தம்.

முதல் இரண்டு மாதம் கழற்றுவதிலேயே போயிற்று. கழற்றுவதில் பல்செட்காரர் கெட்டிக்காரர் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அச்சு ஊற்றுகிற சின்னக் கிண்ணங்களில் திருகாணிகளைப் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினார். முதல் நாள் சீட்டுகளில் 'இடது கதவு, மேல் கீல்', 'ஹாரன், பின் மூடி' என்று அழகாக எழுதியிருந்தது. இரண்டாவது வாரத்துச் சீட்டுகளில் 'என்னன்னு தெரியல - 1', 'என்னன்னு தெரியல - 2' என்று ஆரம்பித்து முப்பத்தொன்றுவரை போயிற்று. முப்பத்திரண்டாவதில் 'இதுவும்' என்று மட்டும் இருந்தது.

பிறகு தரை. டிரைவர் கால் வைக்கிற இடத்தில் ஓர் ஓட்டை. குனிந்தால் ஷெட்டின் மண் தெரிந்தது. வெல்டிங் வேலைக்கு ஆள் தேடுவதற்குப் பதிலாக, கையில் இருக்கிற வித்தையைக் காட்டுவோம் என்று நினைத்தார். பல் அச்சுக்கு ஊற்றுகிற கெட்டி மாவைக் குழைத்து ஓட்டையை அடைத்து, மேலே நைஸாகத் தேய்த்து மெருகேற்றினார். பார்க்கக் கோயில் தூண்போல வழவழவென்று இருந்தது. ஒரு நாள் முழுக்க அதையே பார்த்து ரசித்துவிட்டு, மறுநாள் உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஏறிக் காலை வைத்தார். கால் முழங்கால்வரை வண்டிக்கு அடியில் இறங்கிவிட்டது.

மேலே தூக்கவும் முடியவில்லை, கீழே இறக்கவும் முடியவில்லை. துரு பிடித்த விளிம்பு பேன்டைக் கவ்விக்கொண்டது. மனைவி வந்து பார்த்தார், போனை எடுத்தார். அரைமணி நேரத்தில் வெல்டிங் அக்கா வந்தாள்.

வெல்டிங் அக்கா நாலு தெரு தள்ளி இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறைக்காரி. இவரைவிட எட்டு வயசு சின்னவள். ஆனாலும் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் இவரும் அப்படியே கூப்பிட்டார். சிரிக்கவே தெரியாதவள் என்று தெருவில் பெயர். அவள் வண்டிக்கு அடியில் தலையை விட்டு, தொங்குகிற காலையும் அதைச் சுற்றி உடைந்து கிடக்கிற வெள்ளை மாவையும் பார்த்தாள்.

"என்ன சார் இது, மாவுக்கட்டா?"

"தரைங்க அக்கா."

அவளுக்கு அடக்க முடியவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அந்த நிலைமையிலும் பல்செட்காரரின் கண் போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. விரல் இடுக்கில் தெரிந்தது: மேல்வரிசையில் முன்பக்கம் இரண்டு பல் இல்லை. சிரிக்காததற்குக் காரணம் சுபாவம் இல்லை என்று அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

காலை விடுவித்த பிறகு டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார். "எப்ப போச்சு அக்கா?"

"கிரைண்டர் சக்கரம் தெறிச்சுது. ஆறு வருஷம் ஆச்சு."

"நீங்க என் தரையைப் பாருங்க. நான் உங்க பல்லைப் பாக்கறேன்."

அவள் யோசித்தாள். "மாவுல இல்லையே?"

அப்படித்தான் வேலை சூடு பிடித்தது. அக்கா தகரம் வெட்டித் தரை போட்டாள், கதவின் அடிப்பகுதியை மாற்றினாள். டாக்டர் அளவெடுக்க, இவர் அவளுக்கு இரண்டு பல் செய்தார். நிறம் சரியாக அமைய மூன்று முறை மாற்றிச் செய்தார். அந்த நிறம் பார்க்கிற அட்டை கையிலேயே இருந்ததால் வண்டிக்கும் அதிலேயே பெயின்ட் தேர்ந்தெடுத்துவிட்டார். மங்கலான தந்த நிறம், நடுத்தர வயசுக்காரருக்குப் பொருந்துவது. உடைந்த கியர்க் குமிழுக்குப் பதிலாகத் தானே ஒன்று வார்த்தார். கைவசம் இருந்தது ஈறு செய்கிற ரோஸ் கலர் அக்ரிலிக்தான். கியரைப் பிடித்தால் யாருடைய வாய்க்குள்ளோ கையை விட்டதுபோல இருந்தது. பிரேக் விஷயத்தில் மட்டும் அவர் தன்னை நம்பவில்லை. பிரேக் வேலை தெரிந்த ஆளை வைத்தே செய்துகொண்டார். அந்த வண்டியில் அவர் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

எல்லாம் ஆயிற்று, இன்ஜின் மட்டும் ஓடவில்லை. கிளப்பினால் இரண்டு விநாடி உறுமும், தும்மும், அடங்கிவிடும். கார்புரேட்டரைக் கழுவினார். பெட்ரோல் பம்பை மாற்றினார். மறுபடி கார்புரேட்டரைக் கழுவினார். மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்று அக்கா சொன்னாள். "எனக்கு இரும்பு தெரியும், இன்ஜின் தெரியாது சார்." இவருக்கும் தெரியாது, ஆனால் ஒரு வருஷம் ஆன பிறகு அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் மாதம் ஒருமுறை பிளம்பர் போன் செய்வார். "ஓடுதா தம்பி?" "இன்னும் கொஞ்சம் வேலை இருக்குங்க ஐயா." பன்னிரண்டு மாதம் இதையே சொன்னார். பதின்மூன்றாவது மாதம், இன்னொரு தடவை அந்த வாக்கியத்தைச் சொல்ல நாக்கு கூசி, வேறொன்று வந்துவிட்டது.

"ஜம்முனு ஓடுதுங்க. நேத்துகூட ஓட்டினேன்."

"அப்படியா! சரி, ஞாயித்துக்கிழமை வந்து என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ. காலையில பத்து மணிக்கு ரெடியா இருக்கேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மனைவி கதவருகில் நின்றிருந்தார்.

"நேத்து நீங்க இன்ஜினைத் திட்டிக்கிட்டிருந்தீங்க. என்ன வார்த்தைன்னும் சொல்லட்டுமா?"

"வேணாம்மா."

"உண்மையைச் சொல்லிடுங்க."

"சொல்லலாம். ஆனா எனக்கு ஒரு யோசனை இருக்கு."

பிளம்பர் வீட்டுத் தெரு இறக்கமான தெரு. அதுதான் யோசனை. ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் வேன் பிக்கப்பைக் கட்டி இழுத்துத் தெருவின் மேல்முனையில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, நியூட்ரலில் உருட்டிக்கொண்டே பெரியவர் வாசலில் போய் அழகாக நிறுத்தவேண்டும். பெரியவர் கண்குளிரப் பார்ப்பார். பிறகு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அந்த 'ஏதாவது' என்ன என்பதை மட்டும் அவர் யோசித்து வைக்கவில்லை. மனைவியும் அக்காவும் வேனில் உட்கார்ந்து, சினிமா பார்ப்பதுபோல முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள்.

வண்டி பூனைபோல இறங்கியது. பல்செட்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டார். பதினெட்டு வீடு தூரம் அவர் நினைத்த ஆளாகவே இருந்தார். பெரியவர் வாசலில் சட்டை மாற்றி, தலை வாரி, கைத்தடியோடு நின்றிருந்தார். வண்டி அவர் முன்னால் வந்து நின்றது.

"என்ன தம்பி, சத்தமே இல்லை?"

"நல்லா சர்வீஸ் பண்ணியிருக்கேங்க."

பெரியவர் வண்டியைச் சுற்றி வந்தார். பெயின்டைத் தடவினார். கதவைத் திறந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். ரோஸ் குமிழைப் பார்த்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் விட்டார். கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டார்.

"போவோமா?"

பல்செட்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். மேல்முனையில் நிற்கிற வேனைப் பார்த்தார். பெரியவரின் சலவைச் சட்டையைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஐயா, இது ஓடாதுங்க. ஒரு நாளும் ஓடினதில்லை. இப்பகூட உருட்டிக்கிட்டுதான் வந்தேன். போன்ல சொன்னது பொய்."

பெரியவர் கைத்தடியின் பிடிமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பல்செட்காரர் பதறிப்போனார். சிரிப்பு. இவர் செய்த பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

"நானும் சொல்லிடறேன். உன்கிட்ட விக்கும்போது அது நின்னு பதினோரு வருஷம். 'ஓடும்'னுதானே சொன்னேன்? 'ஓடுது'ன்னு சொல்லலையே!"

"அப்போ மாசாமாசம் போன் பண்ணீங்களே?"

"நெஞ்சு உறுத்துச்சு தம்பி. ஓடலைன்னு நீ சொன்னா, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம்னு இருந்தேன். நீதான் சொல்லவே மாட்டேங்கறியே."

பிறகு பெரியவர் கேட்டார்: "எப்படி, கிளம்பி உடனே அணைஞ்சிடுதா?"

"ஆமாங்க. ரெண்டே விநாடி."

"சீட்டுக்கு அடியில குழாயைத் திறந்தியா?"

"என்ன குழாய்?"

பெரியவர் குனிந்து, சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். யாராவது திருடிக்கொண்டு போகாமல் இருக்க, பெட்ரோல் லைனில் அவரே பொருத்திய சின்னப் பித்தளைக் குழாய் அது. தண்ணீர்க் குழாய்போல ஒரு திருகு. பல்செட்காரர் அதைப் பார்க்காமல் இல்லை. கழற்றி, பல் பாலிஷ் போடுகிற சக்கரத்தில் வைத்துத் தங்கம்போல மினுக்கி, இருந்தபடியே மூடிய வாக்கில் மாட்டியிருந்தார். பம்பை மாற்றினார், கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினார். அந்தத் திருகைத் திருகிப் பார்க்கத் தோன்றவில்லை.

"பளபளன்னு இருக்கே" என்றார் பெரியவர், திறந்துவிட்டு. "இப்ப ஸ்டார்ட் அடி."

அடித்தார். இழுத்தது, இருமியது, நின்றது. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை மொத்த வண்டியும் நடுங்கி, பின்னாலிருந்து கருமேகம் கிளம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேல் போய் உட்கார்ந்தது. இன்ஜின் நிற்கவில்லை. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். பெரியவர் காதருகில் வந்து கத்தினார்: "நல்லா சர்வீஸ் பண்ணியிருக்கே!"

மேல்முனையிலிருந்து மனைவியும் அக்காவும் ஓடி வந்து பின்தொட்டியில் ஏறிக்கொண்டார்கள். முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸைப் போட்டார். அக்கா பலகையில் உருண்டாள். இரண்டாம் முயற்சியில் வண்டி முன்னால் போயிற்று. இறங்கி, திரும்பி, ரொட்டிக்கடையைச் சுற்றி, பெரியவர் கை காட்டிய தெருவுக்குள்ளெல்லாம் போனார்கள். இன்ன வீட்டில் எந்தக் குழாய் வெடித்தது என்று அவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். பல்செட்காரருக்கு முழங்கையை ஜன்னலில் வைக்க நேரமே கிடைக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தும் போதவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது அக்கா காற்றில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், வாயைப் பொத்தாமல். வண்டியை மறந்துவிட்டு, அந்த இரண்டு பல்லும் நிறம் சரியாகத்தான் அமைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் கிளினிக்குக்கு அதில்தான் போகிறார். போன மாதம் போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தி, எட்டிப் பார்த்து, "என்ன லோடு?" என்று கேட்டார். பின்தொட்டி நடுவில், நகராமல் இருக்க நாலு பக்கமும் கயிறு கட்டி, உள்ளங்கை அளவில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

"பல்லுங்க சார். இருபத்தெட்டு."

போலீஸ்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், கையை ஆட்டிப் போகச் சொன்னார். ஆனால் வண்டி போகவில்லை. கடைசியில் அவரும் சேர்ந்துதான் தள்ளினார்.