நம்பிச் செய்யலாம்

தியாகராசா ஊரில் இருந்த காலத்தில் தன் தங்கைமார் எல்லோருக்கும் மாப்பிள்ளை விசாரித்தவர். விசாரிப்புக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கக்கூடாது. அந்த ஊர்க் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு, காணி பார்க்க வந்தவர் போலப் பேச்சுக் கொடுக்க வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர் வாயிலிருந்து, "நல்ல சனம், நம்பிச் செய்யலாம்" என்று வந்துவிட வேண்டும். அந்த வசனம் காதில் விழாமல் அவர் எந்தக் கலியாணத்துக்கும் தலையாட்டியதில்லை.

இப்போது மொன்றியலில், மகள் கஜந்தினியின் முறை. அவள் ஒரு கியூபெக் வெள்ளைக்காரப் பையனை, பற்றிக் லக்காஸ் என்பவனை, கட்டப்போகிறாளாம். பையனை அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பையனோடு மட்டுமா சம்பந்தம்? அவனுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அங்கே என் பிள்ளை அழுதால் ஏன் என்று கேட்க ஒரு ஆள் இருக்குமா? இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பற்றிக்குக்குத் தகப்பன் இல்லை. தாய் ஞாயிற்றுக்கிழமை மொன்றியல் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள இவர்கள் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் ஓமோ இல்லையோ, ஒரு முடிவு சொல்லுங்கள் என்று மகள் சொல்லிவிட்டாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலை, மகளுக்குத் தெரியாமல், மனைவியின் தம்பி றூபனின் காரில் ஏறினார். லவால் நகரைக் கடந்து வடக்கே போனால் மலைகளுக்கு நடுவில் வால்-கிளேர் என்ற பனிச்சறுக்கு ஊர் வரும். பற்றிக் பிறந்து வளர்ந்தது அங்கேதான். மொன்றியல் பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கொண்டாடுகிற இடம்.

"அத்தான், அங்க போய் ஆரிட்டக் கேக்கப்போறியள்?" என்றான் றூபன்.

"ஊரெண்டா ஒரு கடை இருக்கும்தானே. நீ றோட்டைப் பாத்து ஓடு."

கடைகளுக்குக் குறைவில்லை. கல் பாவிய தெரு, மரப் பலகணிகள், சிவப்பும் மஞ்சளுமாகக் கூரைகள். சுவிற்சர்லாந்துக் கலண்டர் ஒன்றைக் கிழித்து வைத்தது போலிருந்தது. றூபன் சூடான சொக்லேற் ஒன்றோடு ஒரு கதிரையில் குந்திக்கொண்டான். தியாகராசா கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டோடும் வழுக்குகிற சப்பாத்தோடும் தனியே விசாரிப்பைத் தொடங்கினார்.

கோப்பி ஊற்றிய பெட்டை அவுஸ்திரேலியாக்காரி. லக்காஸ் என்றால் என்ன சாப்பாடு என்று கேட்டாள். சறுக்குக்கட்டை வாடகைக்குக் கொடுத்தவன் மெக்சிக்கோவிலிருந்து இந்தக் குளிருக்கு மட்டும் வந்தவன். கடைசியில் சோடாவும் பாலும் விற்கிற மூலைக்கடை, ஒரு டெப்பனர், கண்ணில் பட்டது. அப்பாடா என்று உள்ளே போனால், அதன் முதலாளி போன வருடம்தான் பிரான்சிலிருந்து வந்து இறங்கியிருந்தார். இதென்ன ஊர், ஊர்க்காரர் ஒருவரும் இல்லாத ஊர் என்று அவருக்குக் கோபம் வந்தது.

சதுக்கத்தில் ஒரு பெரிய வரலாற்றுப் பலகை இருந்தது. பழைய படத்தில் குதிரை, மரக்குற்றிகள், மீசைக்காரர் ஒருவர். கீழே, இந்த மலை ஒரு காலத்தில் லக்காஸ் குடும்பத்தின் பண்ணையாக இருந்தது என்று போட்டிருந்தது. தியாகராசா அதை இரண்டு தரம் வாசித்தார். மலையையே வைத்திருந்த சனமா! இவர்கள் என் பிள்ளையை மதிப்பார்களா?

வீட்டையாவது தூரத்தில் நின்று பார்ப்போம் என்று போனார். பற்றிக் சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. இரண்டு பெரிய ஹோட்டல்களுக்கு நடுவில், பற்களுக்கு இடையில் அகப்பட்ட பாக்குத்துண்டு மாதிரி ஒரு சின்னப் பலகை வீடு. அவர் வாயைப் பிளந்து நிற்கும்போதே கதவு திறந்தது. கம்பளிச் சட்டை போட்ட, வயதான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, என்ன தேடுகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஊரின் வரலாற்றை அறிய வந்தேன்" என்றார், உணவகச் சமையலறைகளில் பொறுக்கிய பிரெஞ்சில்.

"அப்படியானால் உள்ளே வாருங்கள். சப்பாத்து நனைந்துவிட்டது."

முறை தவறிப் படியை மிதித்தாகிவிட்டது. மிரேய் என்ற அந்தப் பெண் கோப்பி தந்து கதை சொன்னாள். "இந்த மலையில் கல்தான் விளைந்தது. மாடுகூடக் கால் ஊன்றாத சரிவு. சறுக்கி விளையாட என்று ஓர் அமெரிக்கக் கனவான் கேட்டபோது, என் கணவரின் தாத்தா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு விற்றார். பிறகு ஊரே அந்தக் கனவானின் விருந்தாளிகளுக்குப் பெட்டி தூக்கியது. அவர் போக ஒரு கம்பனி வந்தது. ஆல்ப்ஸ் மாதிரி வேண்டுமென்று எல்லா வீட்டையும் வாங்கி இடித்தார்கள். என் கணவர் இந்தச் சின்ன நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை." கோப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நீங்கள் கஜந்தினியின் அப்பாதானே? படம் காட்டியிருக்கிறாள்."

தியாகராசாவுக்குக் காது இரண்டும் சுட்டது. எழும்பப் போனவரை அவள் சிரித்தபடி இருத்தினாள்.

"நானும் போன மாதம் உங்கள் முருகன் கோயிலுக்கு வந்தேன், உங்களைப் பற்றிக் கேட்க. அன்னதான வரிசையில் பக்கத்தில் நின்றவரிடம்தான் கேட்டேன். கேட்காத ஆட்களும் வந்து சொன்னார்கள். நீங்கள் முன்கோபக்காரராம். ஆனால் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பது உங்கள் கார்தானாம்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இங்கே என்னைப் பற்றி என்ன சொன்னார்கள்?"

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "மடாம், இங்கே உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை."

அவள் தலையசைத்தாள். "உண்மைதான். என் கணவரின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது, இரண்டு பக்கமும் விடுமுறைக்கு வந்தவர்கள். சறுக்கப் போன ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டாள். நல்ல பெண். அவ்வளவுதான்."

"அன்றைக்கு யார் உங்களுக்குச் சமைத்துத் தந்தது?" என்றார் தியாகராசா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டாமல் அயலவர் சமைத்துக் கொண்டுவருவதே அவர் அறிந்த உலகம்.

"பற்றிக் முட்டை பொரித்துத் தந்தான். நான் சாப்பிடும்வரை பக்கத்தில் இருந்தான்."

அவர் புறப்படும்போது அவள் வாசலில் வைத்துச் சொன்னாள். "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முதன்முதலாகச் சந்திக்கிறோம். சரிதானே?"

"சரி" என்றார் தியாகராசா.

அவர் வீடு திரும்பியபோது கஜந்தினி வேலையால் வந்து மேலே குளித்துக்கொண்டிருந்தாள். மனைவி ஞானாம்பிகை அவரைக் கோட்டைக்கூடக் கழற்ற விடாமல் குசினிக்குள் இழுத்தாள்.

"இஞ்சரப்பா, விசாரிச்சியளே? என்ன சொல்லுகினம்?"

"சொல்லுறதுக்கு அங்க ஒரு சனமும் இல்லையப்பா. அந்த மனிசி தனிய இருக்குது."

"அப்ப ஆர் எங்களுக்குச் சொல்லுறது?"

தியாகராசா ஈரச் சப்பாத்துகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் சொல்லுறன். நல்ல சனம். நம்பிச் செய்யலாம்."