மாஸ்டரின் வலது கால்

டிரைவிங் மாஸ்டருக்கு மனநல ஆலோசகரின் அறையைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. படுக்க வைப்பார்கள், கண்ணை மூடச் சொல்வார்கள் என்று என்னென்னவோ எதிர்பார்த்து வந்திருந்தார். இங்கே இரண்டு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். இதற்கா மனைவி ஒரு வாரமாக உயிரை எடுத்தாள்?

காரணம் இல்லாமல் எடுக்கவில்லை. நான்கு மாதம் முன்பு, அவரிடம் கார் பழகிய பெண் ஒருத்தி சைக்கிள்காரர் ஒருவர்மேல் மோதிவிட்டாள். அவருக்குக் கால் முறிந்தது, பிறகு தேறிவிட்டார். மாஸ்டர்தான் தேறவில்லை. தெருவில் காகிதம் பறந்தாலும் பயிற்சிக் காரில் தன் பக்கமும் இருக்கும் பிரேக்கில் ஒரே மிதி. கார் பழக வந்தவர்களில் ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். இன்னும் ஒருவர் நின்றால் வேலை கிடையாது என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆலோசகருக்கு மாஸ்டருடைய தங்கை வயதுதான் இருக்கும்.

"இது எக்ஸாம் இல்ல சார். இன்னைக்கு உங்களைப் பத்தித் தெரிஞ்சுக்கப் போறேன். பிடிக்காத கேள்வின்னா வேணாம்னு சொல்லிடுங்க. யார் உயிருக்காவது ஆபத்துன்னா தவிர, இங்க பேசுறது வெளிய போகாது."

"எங்க முதலாளி கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

"என் வீட்டுக்காரம்மா?"

"அவங்களுக்கும் கிடையாது."

கேள்வி கேட்க வேண்டியவர் யார் என்றே தெரியவில்லை போங்கள்! பிறகு ஆலோசகர் தூக்கம், சாப்பாடு, வீடு என்று விசாரித்தார். மாஸ்டர் கடகடவென்று பதில் சொன்னார். அந்த விபத்து நாளைப் பற்றிக் கேட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், உங்க வலது கால் தரையை அமுக்கிட்டே இருக்கு."

குனிந்து பார்த்தார். அட, ஆமாம்! பிரேக்கை மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டிருந்தது.

"எதை நிறுத்தப் பாக்குது?"

அவருக்கே அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. மெதுவாகக் காலைத் தளர்த்தினார்.

"அன்னைக்கு நான் போனைப் பாத்துட்டிருந்தேன் மேடம். தலை நிமிர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எல்லாரும் அந்தப் பொண்ணைத் திட்டினாங்க. நானும் சேர்ந்து திட்டினேன்."

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்காங்க?"

"காரையே தொடுறதில்லையாம். அவங்க அப்பா சொன்னாரு."

சொல்லும்போதே மாஸ்டருக்கு அழுகை பொங்கிவிட்டது. ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை.

"அடுத்த வாரம் இதே நேரம் வர்றீங்களா?"

"வர்றேன். ஆனா இப்ப நேரா அவ வீட்டுக்குத்தான் போறேன் மேடம். உன் மேல தப்பில்லம்மான்னு நான்தானே சொல்லணும்? நான் போன் பாத்தது தெரிஞ்சு வேலை போனா போகட்டும். அவ கார் ஓட்டணும்."