வராத ஒன்பது பேர் வந்து சேர்ந்த விவரம்

துமியாத் நகரத்தில், மரச்சாமான் மெருகுக்காரி ராவியாவின் பட்டறையில், மே மாதம் பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒன்பது பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவரும் கதவு வழியாக வரவில்லை. ஒருவர் உயிரோடு இல்லை. அன்று வெயில் முப்பத்துநான்கு டிகிரி, கடல் பக்கமிருந்து காற்று சுமார்.

முப்பது வருடம் தரையில் குந்தி உட்கார்ந்து நாற்காலிக் கால்களுக்கு அரக்கு மெருகு போட்டதில் ராவியாவின் இடது முட்டி தேய்ந்து போயிருந்தது. மற்ற உடம்பு நன்றாக இருந்தது, வாய் அதைவிட நன்றாக இருந்தது. இதெல்லாம் நடப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால், தெருவில் பாதிப் பட்டறைகள் வேலையில்லாமல் சாத்திக் கிடந்தபோது, இழைப்புச் சத்தம் நின்றுபோன மதியங்களைத் தாங்க முடியாமல் அவள் ஓர் இணைய விளையாட்டில் சேர்ந்தாள். வாள், கோட்டை, டிராகன் என்று பல நாட்டு ஆட்கள் கூடி ஆடுகிற விளையாட்டு. அதில் சேர்ந்து ஆடுகிறவர்கள் அமைத்துக்கொள்ளும் கூட்டத்துக்கு கில்டு என்று பெயர். ராவியா ஒரு கில்டு ஆரம்பித்து, மதியத் தூக்கம் என்று அர்த்தம் வருகிற மாதிரி கைலூலா என்று பெயர் வைத்தாள். பாஸ்ராவிலிருந்து தலெம்ஸான் வரை எழுபது பேர் சேர்ந்தார்கள். சேர்கிறவர்களிடம் அவள் ஒரே விதியைத்தான் சொன்னாள்: "வந்தா வா, வரலைன்னா போ. ஏன் வரலைன்னு இங்க யாரும் யாரையும் கேக்கக் கூடாது. கேட்டா செருப்பு பிஞ்சிடும்." நோன்பு மாதத்தில் பாஸ்ராவில் பாங்கு சொன்னதும் பதினைந்து பேர் பேரீச்சம்பழத்துக்கு எழுந்து போவார்கள், அப்புறம் துமியாத், அப்புறம் ஸ்ஃபாக்ஸ், கடைசியில் தலெம்ஸான், டிராகனுக்கு எதிரே எப்போது பார்த்தாலும் பாதிப் பேர்தான் நின்றார்கள். ஒன்பது நோன்பிலும் டிராகன்தான் ஜெயித்தது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை.

தவறு ராவியா செய்ததுதான். முட்டி அறுவைக்காக அவள் மன்ஸூரா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. தலைவர் முப்பது நாள் உள்ளே வராவிட்டால் அவர் பெயருக்குப் பக்கத்தில் மின்னும் கிரீடத்தை அந்த விளையாட்டு தானாகவே பிடுங்கி, கூட்டத்தில் மூத்தவருக்குக் கொடுத்துவிடும். யாருக்கோ போவதைவிடத் தெரிந்த ஆளிடம் இருக்கட்டும் என்று அவள் தன் கையாலேயே அதைத் துணைத் தலைவர் வக்தியிடம் கொடுத்தாள். வக்தி அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். எங்கள் ஊரில் மருந்துக்கடைக்காரரை டாக்டர் என்று கூப்பிடுவது வழக்கம். வக்தியை அப்படிக் கூப்பிடாவிட்டால் மாத்திரை தாமதமாக வரும். ஆறு வருடமாக ராவியாவின் பக்கத்தில் நின்று டிராகனிடம் தோற்ற மனிதர், தோற்கும்போதெல்லாம் சிரித்த மனிதர். கிரீடம் கைக்கு வந்த மறுநாள் அவர் சிரிப்பது நின்றது.

கில்டுகளுக்கு ஒரு தரவரிசை உண்டு. ஆளுக்கு எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்து மாதக் கடைசியில் வெளியிடுவார்கள். கைலூலா இருநூற்றுப் பதினான்காவது இடத்தில் இருப்பதை ஒன்பது வருடத்தில் யாரும் கவனித்ததில்லை. வக்தி கவனித்தார். சராசரியைக் கீழே இழுப்பது யார் என்று பட்டியல் போட்டார். மூன்று மாதத்துக்கு மேல் வராதவர்கள் ஒன்பது பேர். மே பதினைந்தாம் தேதி புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு அந்த ஒன்பது பேருக்கும் ஒரே கடிதம் போனது: ஏன் வரவில்லை, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும். ஒருவரும் விளக்கம் தரவில்லை. வெள்ளிக்கிழமை அதே நேரத்துக்கு அவர் நீக்கு என்ற பொத்தானை ஒன்பது முறை அழுத்தினார். ஏன் வரவில்லை என்று கேட்டதால் அவர்கள் வந்துவிட்டார்கள்.

மாடி ஏற முடியாமல், யாரோ ஒரு வாடிக்கையாளருக்காகத் தங்க முலாம் பூசி வைத்திருந்த சோபாவில் கட்டுப் போட்ட காலை நீட்டி ராவியா அரைத்தூக்கத்தில் இருந்தாள். கண் திறந்தபோது பட்டறை நிறைந்திருந்தது. தலெம்ஸானின் சுங்க எழுத்தர் லக்தார் பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றார். ஸ்ஃபாக்ஸில் கப்பல் சமையல்காரராக இருந்த மோன்ஸெஃப் பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைக் கஃபன் துணியோடு, கால் பெருவிரலில் மண்ணோடு, நாற்காலிக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். பாஸ்ராவின் இப்திஹால் தோளில் குழந்தைத் துவாலையோடு நின்றாள், குழந்தை இல்லை. மற்ற ஆறு பேரும் வீட்டில் இருந்தபடிக்கே, செருப்பில்லாமல். ஒன்பது வருடம் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் என்பதால், ஒவ்வொருவரும் வாயைத் திறந்த பிறகுதான் ராவியாவுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது.

"பெரியப்பா, நீ செத்துட்டியா?" என்று மோன்ஸெஃபைக் கேட்டாள்.

"பதினாலு மாசம் ஆச்சும்மா. கல்லீரல்."

"சொல்லவே இல்லையே!"

"யாரும் கேக்கலையே," என்றார் அவர். அதில் குறை எதுவும் இல்லை.

திரும்பிப் போகத்தான் முடியவில்லை. தெருக்கதவு வழியாக வெளியே காலை வைத்தவர்கள் புழக்கடைக் கதவு வழியாகப் பட்டறைக்குள் வந்து நின்றார்கள். இப்திஹால் அன்று சாயங்காலத்துக்குள் பதினேழு முறை வெளியே போனாள், பதினேழு முறை உள்ளே வந்தாள். அவள் மகனுக்கு நான்கு மாதம். அவள் விளையாட்டுக்கு வராததும் அவ்வளவு காலம்தான். தாய்ப்பால் தவிர எதையும் தொடாத பிள்ளை. வீடியோ காலில் அவள் புருஷன் புட்டியைக் காட்டக் காட்டப் பிள்ளை முகத்தைத் திருப்பியது. "நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு! பல்லே இல்லாத வாயைப் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக்கிறான்," என்று அவன் அங்கிருந்து கத்தினான். அவள் மார்பு கட்டி, சட்டை நனைந்து, மெருகு கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று தேநீர்க் குவளையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டினாள். ராவியா பார்த்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் இருந்த நான்கு டின் அரக்கு மெருகு நெருப்பில்லாமல் கொதிக்க ஆரம்பித்தது. லக்தார் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நீக்கியதால் வந்தவர்கள் திரும்பச் சேர்த்தால் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டு, சனிக்கிழமை காலையில் ராவியா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். நடக்கக் கூடாது என்று டாக்டர், அதாவது உண்மையான டாக்டர், சொல்லி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

"கிரீடத்தைக் குடு."

"வாங்க உஸ்தா, உட்காருங்க. முட்டி எப்படி இருக்கு?" கைத்தொழில்காரர்களை எங்கள் ஊரில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"முட்டி என் முட்டி. கிரீடத்தைக் குடு."

வக்தி கண்ணாடியைத் துடைத்தார். கூட்டத்தை ஓர் ஒழுங்குக்குக் கொண்டு வந்திருப்பதாகவும், பாதியில் விட முடியாது என்றும் சொன்னார். நீக்கப்பட்டவர்கள் விண்ணப்பம் போட்டால் பரிசீலிப்பாராம். ஏன் வரவில்லை என்று ஒரு வரி போதுமாம்.

"அந்தப் பொண்ணுக்குப் புள்ளை பொறந்துச்சுய்யா!"

"அதை அவங்க எழுதணும் உஸ்தா. நீங்க சொல்லி நான் எடுத்துக்க முடியாது."

ராவியா கூப்பிட்டுச் சொன்னதும், இப்திஹால் பட்டறையிலிருந்தபடியே ஃபோனில் எழுதினாள். மானம் ரோஷம் எதுவும் பார்க்கவில்லை. பிரசவத் தேதி, தையல், தூக்கமில்லாத நாட்கள் எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒரு படிவத்தில் போட்டாள். விண்ணப்பம் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த திரையில் வந்து விழுந்தது. வக்தி அதை முழுதாகப் படித்தார், தலையை ஆட்டினார், காரணம் நியாயமானது என்றார். ஆனால் இப்போது சேர்த்தால் சராசரி விழும். மாதக் கடைசியில் வரிசை வெளியாகட்டும், ஜூன் ஒன்றாம் தேதி முதல் ஆளாக அவளைத்தான் சேர்ப்பார்.

"பால்குடிப் புள்ளை பதினாலு நாள் காத்திருக்குமா, டாக்டர்?"

"ஏன், புட்டிப்பால் இருக்கே? நம்ம கடையிலயே மூணு வகை இருக்கு," என்று அவர் பின்னால் கையை நீட்டிக் காட்டினார்.

ராவியா ஊன்றுகோலால் அந்த அலமாரியை ஒரே வீச்சில் காலி செய்தாள். மூன்று வகையும் தரையில் உருண்டன. "ஆறு வருஷம் எங்ககூட நின்னு தோத்தியேடா! எங்ககிட்ட என்ன குறைச்சல் கண்டே?" என்று அவள் கேட்டது எதிர்க்கடை இழைப்புக்காரர்கள் வரைக்கும் கேட்டது. வக்தி குனிந்து டின்களைப் பொறுக்கினார். கிரீடத்தைக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்ராவிலிருந்து ஃபோன் வந்தது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டது என்று புருஷன் சொன்னான். முதலில் எல்லோருக்கும் அது நல்ல செய்தி மாதிரி இருந்தது. "முழு ராத்திரியும் கத்தினான், இப்பக் கத்த மாட்டேங்கிறான், கண்ணைத் திறந்து சும்மா பாக்குறான்," என்று அவன் சொன்ன பிறகு ஃபோனைப் பிடித்திருந்த இப்திஹால் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அலமாரியில் மெருகு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் லக்தார். இருபத்திரண்டு வருடம் சுங்கத்தில் அடுத்தவன் காகிதத்தில் ஓட்டை தேடியவர், விளையாட்டின் விதிகளைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, ராவியாவின் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். புதிதாக ஒரு கில்டு ஆரம்பிக்கப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பத்துப் பேரும் எந்தக் கில்டிலும் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். "அக்கா, நாங்க ஒன்பது பேர் அனாதைங்க. இன்னும் ஓர் அனாதை வேணும்," என்றார்.

ராவியா தன் பெயரைப் பார்த்தாள். அதற்கு மேலே கைலூலா என்று பச்சை எழுத்தில் இருந்தது. மண்டபம், மண்டபத்துச் சுவரில் தோற்ற டிராகன் சண்டைகளின் வரிசையான படங்கள், ஒன்பது வருடம். வெளியேறிவிட்டால் வக்தி மனம் வைத்தால் தவிரத் திரும்ப முடியாது. மனம் வைக்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்று நேற்றுத்தான் பார்த்திருந்தாள். "அவனே வச்சு நக்கட்டும்," என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினாள். பச்சை எழுத்து போய்விட்டது.

ஒரு லேப்டாப்பும் எட்டு ஃபோனும் பட்டறையில் கைமாறின. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேள்வி கேட்காமல் ஃபோனைக் கொடுத்துவிட்டு, தேநீரும் கொண்டு வந்து வைத்தார்கள். ஒன்பது கையெழுத்து விழுந்துவிட்டது. பத்தாவது மோன்ஸெஃபுடையது. செத்தவன் கையெழுத்து செல்லுமா என்று யாருக்கும் தெரியவில்லை. லக்தார் படித்த விதிகளில் அது பற்றி ஒன்றும் இல்லை. கடவுச்சொல் அவருக்கு ஞாபகம் இருந்தது, அவர் கடைசியாக வேலை பார்த்த கப்பலின் பெயர். விறைத்த விரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கவும் என்று திரை கேட்டது. சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை தப்பு.

"பெரியப்பா, அது தெருவிளக்கு!" என்று இப்திஹால் அலறினாள்.

"இருடி பொண்ணே, நான் கடல்ல இருந்தவன். எனக்கு எல்லா விளக்கும் கலங்கரை விளக்குதான்."

மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. உயிரோடு இருக்கிறீர்களா என்று திரை கேட்கவில்லை. கில்டுக்குப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டது. யோசிக்க ராவியாவுக்குப் பொறுமை இல்லை. வாயில் வந்ததை அடித்தாள். அந்த சர்வரில் 'வரல போடா' என்ற பெயரில் ஒரு கில்டு, காலை பதினொன்று இருபதுக்குப் பதிவானது.

இப்திஹால் கையில் ராவியாவின் தேநீர்க் குவளை இருந்தது. அவள் குவளையோடு காணாமல் போனாள். அடுத்தடுத்து மற்றவர்களும் போனார்கள். லக்தார் போகும்போது ராவியாவின் புருஷன் விட்டுப்போன பழைய செருப்பும் அவர் காலோடு தலெம்ஸானுக்குப் போனது. மூன்று நிமிடம் கழித்து பாஸ்ராவிலிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் ஒரு தோளும் துவாலையும்தான் தெரிந்தன. சின்ன வாய் ஒன்று பால் இழுக்கும் சத்தம், நடுநடுவே மூக்கால் மூச்சு விடும் சத்தம். ராவியா அதை முழுதாகக் கேட்டாள். கேட்டு முடித்த பிறகு தெருக்கதவைத் திறந்து, அடுத்த தெருவைப் பார்த்து நின்று, பதினோரு நிமிடம் வக்தியைத் திட்டினாள். கடைசல்காரர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு வசவுகூட இரண்டாம் தடவை வரவில்லை என்பது அவர்கள் சாட்சி.

அந்த மாதத்துக்குள் கைலூலாவின் மிச்சப் பேரும் ஒவ்வொருவராக வெளியேறி ராவியாவிடம் வந்தார்கள். மாதக் கடைசியில் வரிசை வெளியானபோது அங்கே வக்தி ஒருவர் மட்டுமே இருந்தார். சராசரியில் கைலூலா அறுபத்தோராம் இடம். அவர் அதை அச்செடுத்துக் கடையில் மாட்டினார். பிற்பாடு எப்போதோ எடுத்துவிட்டார்.

மோன்ஸெஃப் மட்டும் போகவில்லை. அவருக்குப் போக வீடு இல்லை. ஸ்ஃபாக்ஸுக்கு ஃபோன் செய்தபோது அவர் மனைவி கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "உன் துணியெல்லாம் தானம் குடுத்துட்டேன், இப்ப வந்து நின்னா எதைப் போடுவே? அங்கேயே இரு," என்றாள். தொழுகையில் அவர் எங்கே நிற்பது என்று பள்ளிவாசலில் ஒரு விவாதம் வந்தது. கடைசி வரிசை என்று முடிவானது. ஆறு வருடமாகப் பட்டறையில் நாற்காலிகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார். நல்ல வேலைக்காரர், மூச்சு வாங்குவதில்லை, மரத்தூளுக்கு இருமுவதில்லை. வெள்ளிக்கிழமை மதியங்களில் ஆடுகிறார். மீன் அவர்தான் சமைக்கிறார், தான் சாப்பிடுவதில்லை.

ராவியாவின் முட்டி மாத்திரையையும் அவர்தான் வாங்கி வருகிறார். ஊரில் அந்த மாத்திரை வக்தியின் கடையில்தான் கிடைக்கிறது, ராவியா அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் வக்தி பொட்டலத்தோடு ஒரு சலாமும் சொல்லி அனுப்புகிறார். போன மாதம் மோன்ஸெஃப் அதைச் சொல்லிவிட்டு, சும்மா இருக்காமல், "ஆறு வருஷம் ஆச்சு. நான் என் சாவையே மன்னிச்சுட்டேன். நீ ஒரு மருந்துக்கடைக்காரனை மன்னிக்க மாட்டியா?" என்று கேட்டார்.

ராவியா மெருகுத் துணியைக் கீழே வைக்கவில்லை. "சாவு உனக்கு நாற்பத்தெட்டு மணி நேரம்னு கடுதாசி போட்டுச்சா, பெரியப்பா?"

அவர் யோசித்துப் பார்த்தார். இல்லை என்று ஒப்புக்கொண்டார். மாத்திரையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தார்.